அடுத்த மாடல் ரகசியமாகவே இருக்கட்டும். இந்த மாடல் எப்போது நிற்கும் என்பதையாவது சொல்லக்கூடாதா?

சர்வர்ரூம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஐ.டி. பொறுப்பில் இருப்பவர்கள், பர்ச்சேஸில் இருப்பவர்கள், தயாரிப்பு நிறுவனங்களிலேயே வேலை பார்ப்பவர்கள் என்று மூன்று தரப்பும் இங்கே உண்டு. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எங்கள் ஆலைக்கு ஒரு ஸ்டோரேஜ் பெட்டி (டேட்டாவைச் சேமிக்கும் டிஸ்க்குகள் அடங்கியது) வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கக் கோட்டேஷன் கேட்டபோது, அந்த வரிசையையே நிறுத்திவிட்டோம், டிஸ்க் கையிருப்பு உள்ளவரை தருகிறோம், அதற்கு மேல் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. எங்களிடம் ஆர்டர் வாங்கும்போதே தலைமையகத்தில் அந்த முடிவு எடுத்தாகிவிட்டது. விற்ற பையனுக்கே அது தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லையே என்பதில்தான் கோபம்.

அடுத்து என்ன வரப்போகிறது என்பதை ஒரு நிறுவனம் பொத்திவைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். போட்டியாளர் காதில் விழக்கூடாது, சரி. ஆனால் நான் காசு கொடுத்து வாங்குகிற பொருளுக்கு மூடுவிழா எப்போது என்பது எப்படி வியாபார ரகசியம் ஆகும்? ஃபோன் வாங்குகிறவர் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றிவிடுவார். சர்வர் அப்படி இல்லை. அதன்மேல் இ.ஆர்.பி. (மொத்த நிர்வாகத்தையும் நடத்தும் மென்பொருள்), அதன்மேல் பேக்கப், அதன்மேல் கணக்குப் பிரிவின் பழக்கம் என்று ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்துவிடுகிறது. இறக்க வேண்டுமென்றால் குறைந்தது ஒரு பட்ஜெட் ஆண்டு வேண்டும்.

இதற்குப் பலருக்கும் தெரிந்த உதாரணம் ஆப்பிளின் எக்ஸ்சர்வ். 2002-இல் வந்த ரேக் சர்வர், அதாவது அலமாரிச் சட்டத்தில் அடுக்கிவைப்பது. ஒரே ஒரு யூனிட் உயரம். எடிட்டிங் ஸ்டூடியோக்களும் பள்ளிகளும் பல்கலைக்கழக ஆய்வகங்களும் நம்பி வாங்கின. 2010 நவம்பர் 5 அன்று, 2011 ஜனவரி 31-க்குப் பிறகு இது கிடைக்காது என்று ஆப்பிள் அறிவித்தது. மூன்று மாதம்கூட இல்லை. மாற்றாகச் சொன்னது மேக் ப்ரோ டவரும் மேக் மினியும். எக்ஸ்சர்வில் இரண்டு பவர் சப்ளை போடலாம், ஒன்று போனால் மற்றது தாங்கும். தொலைவில் இருந்தபடியே ஆன் செய்யலாம், ஆஃப் செய்யலாம். மாற்று என்று காட்டிய இரண்டிலும் இவை இல்லை. ரேக்கில் ஒரு யூனிட் இடம் பிடித்த பெட்டிக்குப் பதிலாக டவரை எங்கே வைப்பது? ஒரு வருடம் முன்பே சொல்லியிருந்தால் ஆப்பிளுக்கு என்ன குறைந்திருக்கும்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை

என்ன குறைந்திருக்கும் என்று கேட்கிறீர்களே, விற்பனை குறைந்திருக்கும் சார்! ஆஸ்பார்ன் கதையை மறக்கக்கூடாது. 1981-இல் ஆஸ்பார்ன் 1 வந்தது. 1,795 டாலர், கையில் தூக்கிப் போகிற கணினி, எடை 11 கிலோ. நல்ல ஓட்டம். அடுத்த மாடல் வருகிறது, இன்னும் நன்றாக இருக்கும் என்று முதலாளியே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். டீலர்கள் பழைய மாடலுக்குக் கொடுத்த ஆர்டரை நிறுத்தினார்கள். 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். அன்றிலிருந்து சிலிக்கான் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் இது பாடம். வாயைத் திறந்தால் இருக்கிற சரக்கு தேங்கும்.

நோக்கியாவைப் பாருங்கள். 2011 பிப்ரவரியில், இனி விண்டோஸ் ஃபோன்தான் எங்கள் வழி என்று அறிவித்தார்கள். முதல் விண்டோஸ் ஃபோன் கடைக்கு வரும் முன்பே அவர்களின் பழைய சிம்பியன் ஃபோன் விற்பனை சரிந்துவிட்டது.

சர்வர்ரூம்

ஆஸ்பார்ன் விஷயத்தில், அறிவிப்பு மட்டும்தான் காரணமா என்று எழுதியவர்களும் உண்டு. கேப்ரோ என்ற போட்டிக் கணினி அதே விலைக்குப் பெரிய திரையோடு வந்துவிட்டது, பணப்புழக்கமும் ஏற்கெனவே மோசம் என்பது அவர்கள் வாதம். அது கிடக்கட்டும். நீங்கள் சொல்லும் இரண்டுமே கடையில் போய்த் தனி ஆள் வாங்குகிற பொருள். அடுத்தது நன்றாக இருக்கும் என்றால் அவர் காத்திருப்பார். ஆலைக்கு சர்வர் வாங்குகிறவன் அப்படிக் காத்திருக்க முடியாது. மார்ச் 31-க்குள் பட்ஜெட்டைச் செலவழிக்க வேண்டும், பழைய பெட்டி சத்தம் போட ஆரம்பித்திருக்கும். இன்ன ஆண்டு வரை விற்போம், இன்ன ஆண்டு வரை சப்போர்ட் கொடுப்போம் என்று எழுதிக் கொடுத்தால் நான் இன்னும் தைரியமாக வாங்குவேன்.

தணிக்கைமேசை

நான் ஆடிட் பக்கம். நிறுவனங்கள் வாயைத் திறக்காததற்கு இங்கே யாரும் சொல்லாத ஒரு காரணம் இருக்கிறது: கணக்குப் புத்தகம்.

அமெரிக்காவில் மென்பொருள் விற்பனை வருமானத்தை எப்போது கணக்கில் ஏற்றலாம் என்பதற்கு 1997-இல் ஒரு விதி வந்தது. அதன்படி, ஒரு லைசென்ஸை விற்கும்போது ‘அடுத்த வெர்ஷனில் இன்ன வசதி கண்டிப்பாக வரும்’ என்று குறிப்பிட்டு வாக்குக் கொடுத்தால், அந்த வசதியும் விற்பனையின் ஒரு பாகம். அதற்குத் தனியாக விலை நிரூபிக்க முடியாவிட்டால், வாங்கிய மொத்தத் தொகையையும் அந்த வசதி கைக்குப் போய்ச் சேரும்வரை வருமானமாகக் காட்டக்கூடாது. இப்போதுள்ள விதி கொஞ்சம் இளகியிருக்கிறது. நம் நாட்டில் 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் இண்ட் ஏ.எஸ். 115-உம் அதே வழிதான். குறிப்பிட்டுச் சொன்ன அப்கிரேடு ஒரு தனிக் கடமை, அதன் பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஆக, ஒரு சேல்ஸ்மேன் ஆர்வக்கோளாறில் மின்னஞ்சலில் எழுதுகிற ஒரு வரி, அந்தக் காலாண்டு முடிவையே அசைத்துவிடலாம். அதனால்தான் ரோட்மேப் (அடுத்து வரவிருப்பதன் திட்டம்) காட்டும்போது முதல் ஸ்லைடில், இது பொதுவான திசை மட்டுமே, வாக்குறுதி ஆகாது, இதை நம்பி வாங்காதீர்கள் என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். ஆரக்கிள் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு அந்த ஸ்லைடு மனப்பாடமே ஆகியிருக்கும்.

ஆனால் கவனியுங்கள், இந்த விதி பேசுவது இனிமேல் கொடுக்கப்போகிற புதுப் பொருளைப் பற்றி. விற்கிற பொருளுக்கு எந்தத் தேதிவரை சப்போர்ட் என்று சொல்வதற்கு இதில் எந்தத் தடையும் இல்லை. அந்த விதத்தில் சர்வர்ரூம் சார் பிரித்துக் காட்டியது சரி.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் கம்பெனிச் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை சர்வருக்கும் நெட்வொர்க்குக்கும் 6 ஆண்டு, டெஸ்க்டாப் லேப்டாப்புக்கு 3 ஆண்டு என்று ஆயுள் போட்டிருக்கிறது. தயாரித்தவர் நான்காம் ஆண்டில் கைவிட்டால், மீதி இரண்டு ஆண்டுத் தேய்மானத்தை ஒரே அடியாக எழுதித் தள்ள வேண்டி வரும். இயக்குநர் கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஐ.டி. மேனேஜர், விற்றவர் அல்ல.

கொள்முதல்_மேசை

தணிக்கை சார் சொன்ன அந்த முதல் ஸ்லைடை நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் இரண்டு விதமான அறைகளில்.

முன்பு ஒரு பெரிய வங்கியில் இருந்தேன். அங்கே வெண்டர்கள் வருடத்துக்கு ஒருமுறை ரோட்மேப் சொல்ல வருவார்கள். முதலில் என்.டி.ஏ.வில் (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) கையெழுத்து. ஃபோனை வெளியே வைக்க வேண்டும். ஸ்லைடின் குறுக்கே எங்கள் வங்கியின் பெயர் சாம்பல் நிறத்தில் சாய்வாக ஓடும், படம் கசிந்தால் யாரிடமிருந்து என்று தெரிவதற்காக. அதில் அடுத்த மூன்று வருடச் சங்கதி எல்லாம் இருக்கும். எது வரும், எது போகும், எதை இப்போது வாங்காமல் தள்ளிப்போடலாம் என்று வாய்மொழியாகவும் சொல்வார்கள்.

இப்போது இருப்பது ஒரு நடுத்தர நூற்பாலைக் குழுமம். இங்கே எனக்கு அந்த அறை கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வாங்குகிறோம், அவருக்கே இணையதளத்தில் இருப்பதற்கு மேல் தெரியாது. வங்கி வாங்காமல் தள்ளிப்போட்ட அதே மாடலை, ‘ஆஃபர் போகுது மேடம், இந்த மாதக் கடைசி வரைக்கும்தான்’ என்று எங்களிடம் கொண்டுவருகிறார்கள்.

ஆகவே இது எல்லோருக்கும் ஒரே அளவு ரகசியம் இல்லை. பெரிய இடத்துக்கு அது என்.டி.ஏ., சின்ன இடத்துக்குச் சுவர். கடைசிச் சரக்கு யார் தலையில் போய் விழும் என்று யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நெல்லைச்சீமை

மேடம் சொன்ன கோணத்தில் நான் யோசித்ததில்லை. நியாயமான வருத்தம்.

திறமூலம்

இதற்கெல்லாம் தீர்வு, மூலநிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள்தான் என்று இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்து ஆளாக நானே சொல்கிறேன், அங்கேயும் இது நடந்தது.

சென்ட்ஓஎஸ் என்பது சர்வர்களில் ஓடும் இலவச லினக்ஸ். அதன் 8-ஆம் வெர்ஷன் வந்தது 2019 செப்டம்பரில். 2029 வரை பராமரிப்பு உண்டு என்று எல்லோரும் திட்டம் போட்டார்கள், அப்படித்தான் அறிவித்தும் இருந்தது. 2020 டிசம்பர் 8 அன்று ஒரு வலைப்பதிவு வந்தது: சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31-ஓடு முடிகிறது. பத்து வருடம் என்று நினைத்தது இரண்டே கால் வருடமாகிவிட்டது. கையில் மிச்சம் ஒரு வருடம்.

இதில் கொடுமை என்னவென்றால், பழைய சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் வரை ஆயுளை அப்படியே விட்டுவிட்டார்கள். அதாவது சோம்பேறித்தனமாக 7-லேயே இருந்தவர் தப்பித்தார். பொறுப்பாக 8-க்கு மாறியவர் மாட்டிக்கொண்டார். வாடிக்கையாளர் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்? அடுத்த முறை புது வெர்ஷன் வந்தால் தொடமாட்டார். பாதுகாப்புக் கோணத்தில் அது எவ்வளவு கெடுதல் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறுக்க முடியாது. மூலநிரல் திறந்திருந்ததால் சில மாதத்திலேயே அதற்கு மாற்றாக ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்துவிட்டன. 2021 மார்ச்சில் ஒன்று, ஜூனில் மற்றொன்று. கதவை மூடினாலும் சன்னல் இருந்தது. மூடிய பொருளில் அந்த வழியும் இல்லை.

உள்ளிருந்து

தயாரிப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் மறுபக்கத்தைச் சொல்கிறேன். எல்லா நேரமும் மேலே இருப்பவர்கள் தெரிந்தே மறைப்பதாக நினைக்காதீர்கள். பல நேரம் முடிவே எடுத்திருக்கமாட்டார்கள். ஒரு பொருளை நிறுத்தலாமா என்று ஒரு வருடம் இழுக்கும். அந்தப் பேச்சு நடக்கிற தளத்துக்கும், உங்களுக்கு மாடலைக் காட்டுகிறவர் உட்காரும் தளத்துக்கும் நடுவில் பத்து அடுக்கு. அரைகுறையாக வெளியே கசிந்தால் வாடிக்கையாளர் ஓடுவார், அந்தக் குழுவில் நல்ல இன்ஜினியர்கள் முதலில் ஓடுவார்கள், அப்புறம் நிறுத்தவேண்டாம் என்று முடிவெடுத்தாலும் நடத்த ஆள் இருக்கமாட்டார்கள்.

ஹெச்.பி. 2011-இல் என்ன செய்தது என்று நினைவிருக்கிறதா? டச்பேட் டேப்லெட் ஜூலை 1-இல் கடைக்கு வந்தது. ஆகஸ்ட் 18-இல் நிறுத்தினார்கள். 49 நாள். அதே நாளில், பி.சி. பிரிவையே தனியாகப் பிரித்துவிடலாமா என்று பார்க்கிறோம் என்றும் அறிவித்தார்கள். உலகத்திலேயே அதிக பி.சி. விற்கும் நிறுவனம் அப்போது அதுதான். ஆயிரக்கணக்கில் லேப்டாப் ஒப்பந்தம் போட்டிருந்த அலுவலகங்கள் நிலையை யோசியுங்கள். இந்தப் பெட்டிக்கு நாளைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், விற்பனைப் பிரதிநிதி கையில் பதில் இல்லை. செப்டம்பரில் தலைமை அதிகாரி போனார், அக்டோபர் 27-இல் புதிய தலைமை அதிகாரி மெக் விட்மன், பி.சி. பிரிவு எங்களிடமே இருக்கும் என்றார். நடுவில் இரண்டு மாதம் போட்டியாளர்களுக்குக் கொண்டாட்டம்.

இங்கே கெடுத்தது ரகசியம் இல்லை. முடிவெடுக்காத விஷயத்தை வெளியே சொன்னது. அதனால் எல்லாவற்றையும் சொல் என்று கேட்பதும் வாடிக்கையாளருக்கு நல்லதாக இருக்காது. 1960-களில் ஐ.பி.எம்.மீது கண்ட்ரோல் டேட்டா என்ற கணினி நிறுவனம் வழக்குப் போட்டதே இதற்காகத்தான். தயாராகாத பெரிய கணினியை முன்கூட்டி அறிவித்து, எங்கள் 6600 கணினியை வாங்கவிருந்தவர்களைக் காக்க வைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அந்த வழக்கு 1973-இல் சமரசத்தில் முடிந்தது.

சர்வர்ரூம்

உள்ளிருந்து சார், நன்றி, இது நல்ல விளக்கம். முடிவெடுக்காததைச் சொல்லவேண்டாம். நான் கேட்பது முடிவெடுத்ததை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதென்றாலும் நமக்கு இத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்கிறோம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிற பெட்டிக்கு அந்த ஒரு வரி ஏன் இல்லை?

பழைய_யூனிக்ஸ்

முடிவெடுத்ததைச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். இட்டானியம் கதையைக் கேளுங்கள். அங்கே முடிவைப் பணம் கொடுத்துத் தள்ளிப்போட்டார்கள். பல வருடம் ஹெச்.பி.-யூஎக்ஸ் என்ற ஹெச்.பி.யின் இயங்குதளத்தில் கிடந்தவன், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

இட்டானியம் என்பது ஹெச்.பி.யும் இன்டெலும் சேர்ந்து 1994-இலிருந்து உருவாக்கிய சில்லு. 2001-இல் வந்தது. வங்கி, தொலைபேசி, பங்குச்சந்தை மாதிரி நிற்கவே கூடாத இடங்களில் ஹெச்.பி.-யூஎக்ஸ், ஓபன்விஎம்எஸ், நான்ஸ்டாப் ஆகிய மூன்று இயங்குதளங்களும் அதில் ஓடின. அவற்றின் மேல் பெரும்பாலும் ஆரக்கிள் டேட்டாபேஸ். இந்த அடுக்கில் ஒன்றை உருவினாலும் மொத்தமும் சாயும்.

2011 மார்ச் 22 அன்று ஆரக்கிள் ஒரு குண்டைப் போட்டது: இட்டானியத்துக்கு இனி மென்பொருள் எழுதமாட்டோம், இந்தச் சில்லு முடிவை நெருங்குகிறது என்று இன்டெல் நிர்வாகமே எங்களுக்குத் தெளிவாக்கிவிட்டது என்றார்கள். உடனே இன்டெல், அப்படியெல்லாம் இல்லை, அடுத்தடுத்த தலைமுறைகள் வருகின்றன என்று மறுப்பு வெளியிட்டது. ஹெச்.பி. கோபத்தோடு வழக்குப் போட்டது. வாடிக்கையாளர் எந்த அறிக்கையை நம்புவார்? மூன்றுமே உலகப் பெரும் நிறுவனங்கள், மூன்றும் முகத்துக்கு முகம் முரண்படுகின்றன.

அந்த வழக்கில்தான் ஆவணங்கள் வெளியே வந்தன. இட்டானியத்தைத் தொடர்ந்து தயாரிக்க ஹெச்.பி. இன்டெலுக்குப் பணம் கொடுத்துவந்தது தெரிந்தது. 2009 முதல் 2014 வரைக்கு சுமார் 44 கோடி டாலர், பிறகு 2017 வரை நீட்டிக்க இன்னொரு 25 கோடி டாலர். ஒரு விதத்தில் ஹெச்.பி. தன் வாடிக்கையாளருக்காகச் செய்ததுதான், அதை நான் மதிக்கிறேன். பணம் கட்டாவிட்டால் அந்தச் சில்லு முன்பே நின்றிருக்கும். ஆனால் அந்த ஒரு தகவல், 2010-இல் புதிதாக சூப்பர்டோம் என்ற ஒரு இட்டானியம் சர்வருக்குக் கையெழுத்துப் போடப்போகிற வங்கிக்குத் தெரிய வேண்டாமா? தானாக நடக்கிற பொருள், தாங்கிப் பிடித்து நிற்கவைத்த பொருள், இரண்டுக்கும் ஒரே விலையும் ஒரே நம்பிக்கையும் கொடுக்க முடியுமா?

தீர்ப்பு ஹெச்.பி. பக்கம் வந்தது. 2012 ஆகஸ்டில், ஆரக்கிள் தொடர்ந்து மென்பொருள் தர வேண்டும் என்றார் நீதிபதி. 2016-இல் ஜூரி 300 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. சட்டப்படி ஹெச்.பி. ஜெயித்தது, சரி. அதற்குள் இடம் மாறக்கூடியவர்கள் மாறிவிட்டார்கள், மாற முடியாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கடைசி இட்டானியம் 2017-இல் வந்தது. புதுத் தலைமுறை என்று பேர்தானே ஒழிய, 2012 சில்லின் அதே 32 நானோமீட்டர் தயாரிப்பு முறை. 2021 ஜூலையோடு அனுப்புவதும் நின்றது. ஹெச்.பி.-யூஎக்ஸ் சப்போர்ட் 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது.

பொறியியல் ரீதியாக அருமையான மெஷின். மெமரி பழுதானால்கூட ஓடிக்கொண்டே ஒதுக்கி வைக்கும். அதைக் கைவிட வேண்டிவந்ததைவிட, உண்மை நிலை என்ன என்று ஒரு வழக்கு வந்தால்தான் தெரிந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கொள்முதல்_மேசை

பழைய யூனிக்ஸ் சார், நீங்கள் சொல்லும் அந்த ஆண்டுகளில் நான் இருந்த வங்கியும் இந்த அறிக்கைகளை மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தது. என்.டி.ஏ. அறையில் உட்கார்ந்தவர்களுக்கும் இந்தப் பண விஷயம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவுஷிஃப்ட்

சர்வர்ரூம் அண்ணே, ஒரு சந்தேகம். முடிவுத் தேதி தெரிந்தால் போதும் என்கிறீர்கள். விண்டோஸ் 10-இல் தேதி தெரிந்துதானே இருந்தது? 2015-இல் வந்தபோதே 2025 அக்டோபர் 14 என்று எழுதியிருந்தது. மைக்ரோசாஃப்ட் இந்த விஷயத்தில் கெட்டி. விண்டோஸ் 7-க்கும் அப்படித்தான், 5 வருடம் முழுச் சப்போர்ட், 5 வருடம் பாதுகாப்புத் திருத்தம்.

ஆனாலும் எங்கள் அலுவலகம் மாட்டிக்கொண்டது. காரணம், அடுத்ததற்கு என்ன தகுதி வேண்டும் என்பதை 2021 ஜூன் வரை சொல்லவில்லை. அதற்கு முன்னால், விண்டோஸ் 10-தான் கடைசி வெர்ஷன் என்று அவர்கள் பணியாளர் ஒருவரே 2015-இல் மாநாட்டு மேடையில் சொன்னது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதை நம்பி 2017-இல் ஏழாம் தலைமுறை இன்டெல் பி.சி.க்கள் வாங்கினோம். நல்ல மெஷின், டி.பி.எம். என்ற பாதுகாப்பு சிப்பும் உள்ளே இருக்கிறது. விண்டோஸ் 11 வந்தபோது எட்டாம் தலைமுறையிலிருந்துதான் என்றார்கள். ஏழாவதில் விரல்விட்டு எண்ணும் சில்லுகளுக்கு மட்டும் பிறகு விலக்குக் கொடுத்தார்கள். எங்களுடையது அதில் இல்லை. இப்போது நீட்டித்த பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்த வருடம் இரட்டிப்பு, அதற்கடுத்த வருடம் அதிலும் இரட்டிப்பு.

சர்வர்ரூம்

தம்பி, இது முக்கியமான கேள்வி. நான் சொன்னதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். முடிவுத் தேதி, அப்புறம் அடுத்ததுக்கு ஏறுவதற்குக் குறைந்தபட்சத் தகுதி. இரண்டாவது தெரியாவிட்டால் முதலாவதால் பாதிப் பயன்தான். டி.பி.எம். 2.0 வேண்டும் என்பதைப் புதுக் கணினித் தயாரிப்பாளர்களுக்கு 2016-லேயே கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். அதாவது தயாரிப்பாளருக்குத் தகவல் போனது. செயலித் தலைமுறை விஷயத்தில் அப்படி எந்த முன்குறிப்பும் வாங்குகிறவரிடம் வரவில்லை.

உள்ளிருந்து

இதை ஒப்புக்கொள்கிறேன். தகுதி வரம்பை முன்கூட்டிச் சொன்னால் புது வசதி என்னவென்று வெளியே தெரிந்துவிடும் என்று எங்கள் பக்கம் வாதிடுவார்கள். ஆனால் ‘இன்ன தலைமுறைக்குக் கீழே இனி வராது’ என்று மட்டும் சொன்னால் போட்டியாளருக்கு அதில் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

ரகசியத்துக்குப் பேர்போன ஆப்பிளே ஒருமுறை வழிக்கு வந்ததையும் பதிவு செய்கிறேன். 2013 டிசம்பரில் வந்த உருளை வடிவ மேக் ப்ரோவை மூன்று வருடத்துக்கு மேல் தொடவே இல்லை. வீடியோ, ஒலி, ஆராய்ச்சி என்று தொழில்முறையாகப் பயன்படுத்தியவர்கள் இது செத்துவிட்டது என்று முடிவுகட்டி விண்டோஸுக்கு மாறத் தொடங்கினார்கள். 2017 ஏப்ரலில் சில பத்திரிகையாளர்களை அழைத்து, அந்த வடிவமைப்பு வெப்ப விஷயத்தில் எங்களை ஒரு மூலையில் முடக்கிவிட்டது, புதிதாக யோசிக்கிறோம், இந்த ஆண்டு வராது என்று அவர்களின் மூத்த நிர்வாகிகளே சொன்னார்கள். அடுத்த ஏப்ரலில், 2019-இல் வரும் என்றார்கள். 2019 டிசம்பரில் வந்தது. வரும் பொருள் எப்படி இருக்கும் என்று ஒரு படம்கூடக் காட்டவில்லை. ஆனாலும் காத்திருக்கலாமா போகலாமா என்று முடிவெடுக்க அவ்வளவு போதுமானதாக இருந்தது.

திறமூலம்

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம் நகர்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணைகிற நுகர்வோர் சாதனத்துக்குக் குறைந்தது எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் உண்டு என்று தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும். எத்தனை ஆண்டு என்று வெளியே சொல்லாமலேயே இருந்த ஆப்பிள் அதன்பிறகுதான் ஐஃபோனுக்குக் குறைந்தது 5 ஆண்டு என்று எழுதிக் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் தொழில் சாதனங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன.

கொள்முதல்_மேசை

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அரசு டெண்டர்களில் இது ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது. ஓ.இ.எம். (தயாரிப்பாளர்) லெட்டர்ஹெட்டில் உறுதிமொழி கேட்பார்கள்: கொடுக்கிற மாடல் இன்ன காலத்துக்குள் விற்பனை நிறுத்தம் ஆகாது, இத்தனை ஆண்டு ஸ்பேரும் சப்போர்ட்டும் கிடைக்கும் என்று. அது இல்லாமல் டெக்னிக்கல் பிட்டே திறக்காது. தனியார் நாம்தான் விலையைப் பேசுவதோடு எழுந்து வந்துவிடுகிறோம்.

நான் இப்போது பர்ச்சேஸ் ஆர்டரில் சேர்ப்பது இது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்:

‘இந்த ஆர்டர் தேதியன்று, மேற்படி மாடலின் விற்பனையையோ சப்போர்ட்டையோ நிறுத்துவது பற்றித் தயாரிப்பாளர் எடுத்த முடிவு எதுவும் இல்லை, இருந்தால் அதன் தேதி இங்கே குறிப்பிடப்பட்டுள்ளது. இனி அத்தகைய முடிவு எடுத்தால் விற்பனை நிறுத்தத்துக்கு 6 மாதம் முன்பாக எழுத்தில் தெரிவிக்கப்படும். விற்பனை நிறுத்தத்திலிருந்து 5 ஆண்டு வரை உதிரிபாகம் வழங்கப்படும்.’

6 மாதமும் 5 ஆண்டும் நானாகப் போட்ட கணக்கு இல்லை. நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ தன் வன்பொருளுக்குப் பல வருடமாக வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் பொதுக் கொள்கை அதுதான். அவர்கள் இன்னும் வியாபாரம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மற்றவர் முடியாது என்றால் நான் அதைத்தான் காட்டுவேன்.

தணிக்கைமேசை

மேடம், முதல் வாக்கியம் அருமை. ‘எடுத்த முடிவு’ என்று கேட்டதால் வருமானக் கணக்கு விதியில் சிக்காது, அவர்கள் சட்டப் பிரிவு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. ஒரு திருத்தம்: கையெழுத்து டிஸ்ட்ரிபியூட்டருடையதாக இருந்தால் பிரயோசனம் இல்லை, தயாரிப்பாளரின் அதிகாரம் பெற்ற ஆள் போட வேண்டும். மீறினால் என்ன என்பதையும் எழுதுங்கள். மீதி ஆயுளுக்கான தேய்மான மதிப்பைத் திருப்பித் தருவது என்று வைத்தால், அந்தத் தொகையைக் கணக்கிட ஏற்கெனவே அட்டவணை இருக்கிறது, சண்டை வராது.

சர்வர்ரூம்

இருவருக்கும் நன்றி. அடுத்த வாரம் புது ஸ்டோரேஜுக்கு மூன்று பேரிடம் கோட்டேஷன் கேட்கிறோம். இந்தப் பத்தியை விலை கேட்கும் கடிதத்திலேயே சேர்த்துவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வி: உதிரிபாகம் என்று மட்டும் எழுதினால் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அதில் அடங்குமா?

பழைய_யூனிக்ஸ்

அடங்காது. தனி வரியாகப் போடுங்கள்: ஃபர்ம்வேர், பாதுகாப்புத் திருத்தம், டிஸ்க் மாற்றும்போது தேவைப்படும் லைசென்ஸ் கீ. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. டிஸ்க் கிடைத்தும் பெட்டி அதை ஏற்க மறுப்பது அதனால்தான்.